ஸ்மார்ட் ஹோம் நெட்வொர்க்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்னக் கணினி, அதில் செருகிய ஜிக்பீ டாங்கிள் (பல்போடும் சென்சாரோடும் ரேடியோவில் பேசும் யுஎஸ்பி குச்சி), மேலே ஹோம் அசிஸ்டென்ட்டும் (வீட்டுச் சாதனங்களை ஆளும் நிரல்) ஜிக்பீ2எம்க்யூடிடியும் (டாங்கிளின் பேச்சை எம்க்யூடிடி என்ற செய்திமுறையில் அதற்குக் கடத்தும் நிரல்). இந்த அமைப்பை வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டித் தட்டிக் கை சலித்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு. எதுக்குக் கை வைக்கணும்?

கை வைக்காவிட்டால் நாளைக்கே எதுவும் நின்றுவிடாது. ஜிக்பீ வீட்டுக்குள்ளேயே ஓடும் ரேடியோ. பழைய பதிப்பும் பல்பை எரிக்கும், அணைக்கும். தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரும். புதிதாக வாங்கும் சென்சாரைப் பழைய பதிப்புக்கு அடையாளம் தெரியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. சில சமயம் கணினியே கைவிடப்படும்: ஹோம் அசிஸ்டென்ட் 2025 டிசம்பர் பதிப்போடு 32 பிட் அமைப்புகளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

தள்ளிப்போடப் போடத் தாண்ட வேண்டிய தூரமும் கூடிக்கொண்டே போகும். மாதாமாதம் அப்டேட் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள்.

அப்டேட் பண்ணினா எல்லா பல்பையும் மறுபடி பேர் பண்ணணுமா?

வேண்டாம். (பேர் செய்வது என்றால் சாதனத்தை நெட்வொர்க்கில் சேர்ப்பது.) அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பலர் அப்டேட்டையே தவிர்ப்பதற்குக் காரணமான பயமும் இதுதான். உங்கள் ஜிக்பீ நெட்வொர்க் மென்பொருளுக்குள் இல்லை, டாங்கிளுக்குள் இருக்கிறது. 128 பிட் நெட்வொர்க் கீ, பேன் ஐடி எனப்படும் நெட்வொர்க் எண், அதன் நீண்ட வடிவம், சேனல், டாங்கிளின் சொந்த 64 பிட் முகவரி, அனுப்பிய செய்திகளை எண்ணிக்கொண்டே போகும் ஒரு கவுண்டர். பல்பும் சென்சாரும் பார்ப்பது இவற்றை மட்டும்தான். டாங்கிளுக்குப் பின்னால் எந்த நிரல் உட்கார்ந்திருக்கிறது என்பது பல்புக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே "மாற்றுவது" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அதே மென்பொருளின் புதிய பதிப்பு. இரண்டு, வேறு கணினி. மூன்று, வேறு டாங்கிள். முதல் இரண்டில் பல்புகளுக்கு எதுவும் தெரியாது. மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் செய்யாதீர்கள். ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவே இரவு போய்விடும்.

சரி, டாங்கிள் அதேதான், மென்பொருள் மட்டும்தான் மாத்தப் போறேன். முதல்ல என்ன செய்யணும்?

ஹோம் அசிஸ்டென்ட்டின் முழு பேக்கப் ஒன்றை எடுத்து வேறு கணினிக்கு நகலெடுங்கள். அதே மெமரி கார்டிலேயே கிடக்கும் பேக்கப், கார்டு செத்தால் கூடவே சாகும். ஜிக்பீ2எம்க்யூடிடியின் ஃபோல்டரைத் தனியாகவும் நகலெடுங்கள். அதில் நான்கு கோப்புகள் முக்கியம். கான்ஃபிகரேஷன் கோப்பில் நெட்வொர்க் கீயும் நீங்கள் வைத்த பெயர்களும் இருக்கும். டேட்டாபேஸ் கோப்பில் சாதனப் பட்டியல் இருக்கும். ஸ்டேட் கோப்பில் கடைசி நிலைமை. கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பில் டாங்கிளுக்குள் இருப்பதன் நகல்.

பிறகு இப்போது ஓடும் பதிப்பு எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வர வேண்டியிருந்தால் எந்த எண்ணுக்கு வருவது என்று அப்போது நினைவிருக்காது. புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் பழையதை உடைக்கும் மாற்றங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதை மட்டுமாவது படியுங்கள். மற்றதெல்லாம் விளம்பரம்.

பேக்கப் எடுத்தாச்சு. போதுமா?

திறந்து பார்த்தீர்களா? ஹோம் அசிஸ்டென்ட்டில் 2025 ஜனவரி பதிப்பில் பேக்கப் முறை மாறியது. தானாக எடுக்கப்படும் பேக்கப்புகள் ஒரு சாவியால் பூட்டப்படுகின்றன. அந்தச் சாவியை 'எமர்ஜென்சி கிட்' என்ற பெயரில் ஒருமுறை பதிவிறக்கச் சொல்லும். பலர் அதைச் சட்டென்று மூடிவிடுகிறார்கள். கணினியே போய்விட்ட பிறகு சாவி இல்லாத பேக்கப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு அப்டேட் பொத்தானுக்குப் போங்கள்.

மூணு வருஷமா அப்டேட்டே பண்ணலை. நேரா கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா?

தாவலாம், ஆனால் நான் தாவ மாட்டேன். ஆறேழு மாத இடைவெளியில் உள்ள பதிப்புகளாகப் படியேறுவேன். பழைய அமைப்பு ஒன்று திடீரென்று நீக்கப்படுவதில்லை. 'இது போகப் போகிறது' என்ற எச்சரிக்கை சில மாதங்கள் தொங்கும். படியாக ஏறினால் அந்த எச்சரிக்கைகள் கண்ணில் படும். ஒரே தாவலில் போனால் எச்சரிக்கை வந்ததும் போனதும் தெரியாமல் நேராகப் பிழைச் செய்தியில் விழுவீர்கள்.

அப்புறம் டேட்டாபேஸ். ஹோம் அசிஸ்டென்ட் வரலாற்றைச் சேமிக்கும் கோப்பு இது, மேலே சொன்ன சாதனப் பட்டியல் இல்லை. அதன் அமைப்பு சில பதிப்புகளில் மாறும். புதிய பதிப்பு முதல்முறை எழும்போது அதைப் பின்னணியில் மாற்றி எழுதும். கோப்பு பல ஜிபி இருந்து, கணினியும் சின்னதாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். இடையில் "தொங்கிவிட்டது" என்று நினைத்து மின் இணைப்பைப் பிடுங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கோப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு காலி இடமாவது வேண்டும். ஹோம் அசிஸ்டென்ட் விரிவான வரலாற்றை இயல்பாக 10 நாள்தான் வைத்துக்கொள்ளும். நீங்கள் அதை 365 என்று மாற்றி வைத்திருந்தால், அப்டேட்டுக்கு முன் குறைத்துக் கோப்பை இளைக்க வையுங்கள்.

ஜிக்பீ2எம்க்யூடிடி 2-க்குப் போன பிறகு ரிமோட் பட்டன் மட்டும் வேலை செய்யலை. பல்பு எல்லாம் சரி.

2.0 பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. அதில் பழைய சங்கதிகள் பலவற்றை ஒரேயடியாகக் கழித்துக் கட்டினார்கள். பட்டனை அழுத்தினால் ஹோம் அசிஸ்டென்ட்டில் 'ஆக்‌ஷன்' என்ற சென்சார் ஒரு கணம் மாறும், பலரின் ஆட்டோமேஷன் ('இது நடந்தால் அதைச் செய்' என்ற விதி) அதைப் பார்த்துத்தான் ஓடியது. அந்தச் சென்சார் இயல்பாக வருவது 2-இல் நின்றுவிட்டது. அவசரத்துக்கு அமைப்பில் 'லெகஸி ஆக்‌ஷன் சென்சார்' என்பதை இயக்கினால் திரும்பி வரும். ஆனால் நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, ஆட்டோமேஷனை எம்க்யூடிடி டிவைஸ் டிரிகருக்கு (பட்டன் அழுத்தியதை நேராகக் கேட்கும் தூண்டுதல்) மாற்றுவது. ஒரு பட்டனுக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

நிரலே எழவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். டாங்கிள் எந்த வகை என்று இப்போது பல அமைப்புகளில் நாமே எழுத வேண்டும்: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் என்றால் ஒரு பெயர், சிலிக்கான் லேப்ஸ் சிப் என்றால் 'எம்பர்'. சிலிக்கான் லேப்ஸுக்கான பழைய ஓட்டி (டிரைவர்) போய் எம்பர்தான் நிற்கிறது. அதற்கு டாங்கிளில் 7.4 அல்லது மேற்பட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) வேண்டும். ஆக டாங்கிளின் ஃபர்ம்வேரை முதலில் ஏற்றிவிட்டு, ஒருநாள் ஓடவிட்டு, பிறகு நிரலைத் தொடுங்கள்.

வேற கணினிக்கு மாத்தினேன், அதே டாங்கிள்தான். ஆனா பட்டியல் காலியா இருக்கு!

பதறாதீர்கள், ஆனால் எதையும் மறுபடி பேர் செய்யவும் தொடங்காதீர்கள். புதிய கணினியில் நிரலை நிறுவி, பழைய கோப்புகளை வைப்பதற்கு முன்பே ஒருமுறை இயக்கிவிட்டீர்கள். அது தனக்கென்று புதிய கான்ஃபிகரேஷன் எழுதிக்கொண்டது. சில சமயம் புதிய கீ, புதிய பேன் ஐடி வைத்துப் புதிய நெட்வொர்க்கே உருவாக்கியிருக்கும். நல்ல நேரமாக இருந்தால், கோப்பில் உள்ளதும் டாங்கிளில் உள்ளதும் பொருந்தவில்லை என்று சொல்லி எழ மறுத்திருக்கும். அந்தப் பிழைச் செய்தி எரிச்சலாக இருந்தாலும் உங்கள் நன்மைக்குத்தான்.

நிரலை நிறுத்துங்கள். மேலே சொன்ன நான்கு கோப்புகளையும் பேக்கப்பிலிருந்து எடுத்து அப்படியே வையுங்கள். டாங்கிளின் பாதையையும் பாருங்கள். லினக்ஸில் 'டிடிஒய்யுஎஸ்பி0' மாதிரிப் பெயர் மறுதொடக்கத்தில் மாறக்கூடியது. 'சீரியல்' ஃபோல்டருக்குள் ஐடியால் பட்டியலிடப்பட்ட நீளமான பெயர் மாறாது, அதையே எழுதுங்கள். பிறகு இயக்குங்கள். வரிசை இதுதான்: கோப்பு முதலில், இயக்கம் பிறகு.

டாங்கிளையும் புதுசா மாத்தினா என்ன ஆகும்?

முன்பு சொன்ன அடையாளம் முழுவதும் புதிய டாங்கிளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே தயாரிப்பாளரின் சிப் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பழையதை நிறுத்தி, கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பு புதிதாக இருப்பதை உறுதி செய்து, புதியதைச் செருகி இயக்கினால் நிரலே அதில் எழுதிக்கொள்ளும். வேறு குடும்பத்துச் சிப் என்றாலும் முடியும், ஆனால் டாங்கிளின் 64 பிட் முகவரியைப் பாருங்கள். புதியதில் பழைய முகவரியை எழுதாவிட்டால் சில சாதனங்கள் அசட்டையாக வேலை செய்யும், சில முரண்டு பிடிக்கும். சில டாங்கிள்களில் முகவரியை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், திருத்த முடியாது. நிரல் "இது நிரந்தரம், சம்மதமா" என்று கேட்டால் அது மிரட்டல் இல்லை, உண்மை.

நெட்வொர்க்கில் பத்துச் சாதனம்தான் இருக்கிறது, எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் என்றால், இந்த வித்தை எதுவும் வேண்டாம். உட்கார்ந்து மறுபடி பேர் செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. கூரையில் பதித்த நாற்பது விளக்குகள் உள்ளவருக்குத்தான் முகவரி கதையெல்லாம்.

பழைய டாங்கிளும் புதுசும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடலாமா? பயமில்லாம இருக்குமே.

வேறு வேறு நெட்வொர்க்காக இருந்தால் ஓடலாம்: தனிக் கீ, தனிப் பேன் ஐடி, முடிந்தால் தனிச் சேனல். ஒவ்வொரு சாதனமாகப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் சேர்ப்பது மெதுவானது, ஆனால் நிம்மதியானது. ஒரு குறை உண்டு. ஜிக்பீயில் மின் இணைப்பிலேயே இருக்கும் பல்பும் பிளக்கும் மற்றவற்றின் செய்தியைக் கடத்தும் ரூட்டராக வேலை செய்கின்றன (வைஃபை ரூட்டர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). பாதி பல்பு அங்கே, பாதி இங்கே என்று இருக்கும் நாள்களில் இரண்டு நெட்வொர்க்கும் நோஞ்சானாக இருக்கும்.

ஒரே அடையாளத்தோடு இரண்டு டாங்கிள் ஒருபோதும் கூடாது. என் அனுபவம் இது. புதிய டாங்கிளுக்கு எல்லாவற்றையும் மாற்றி, ஒரு வாரம் அருமையாக ஓடியது. பழைய கணினியை "எதற்கும் இருக்கட்டும்" என்று டாங்கிளோடு அலமாரியில் வைத்தேன், பிளக்கைப் பிடுங்கவில்லை. ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. பழைய கணினி தானாக எழுந்துகொண்டது. கூடத்து விளக்கு எரியும், தாழ்வார விளக்கு எரியாது. ஐந்து நிமிஷம் கழித்து அது எரியும், இது எரியாது. இரண்டு மணி நேரம் சேனலைக் குறை சொல்லி, டாங்கிளைக் குறை சொல்லி, கடைசியில் அலமாரிக்குள் மினுக்கிய சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. பழையதைப் பிடுங்குங்கள். வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதானால் அதன் நினைவகத்தை அழித்துவிட்டுச் செருகுங்கள்.

பல்பு எல்லாம் வந்துடுச்சு. பேட்டரி சென்சார் மட்டும் செத்த மாதிரி கிடக்கு.

செத்திருக்காது, தூங்குகிறது. கதவு சென்சார், வெப்பநிலை சென்சார் எல்லாம் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பெரும்பாலான நேரம் ரேடியோவை அணைத்தே வைத்திருக்கும். சில மணிக்கொருமுறைதான் தலைகாட்டும். மாற்றிய பிறகு முழுதாக ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள், எதையும் தொடாமல் விடுங்கள். பொறுமை இல்லையென்றால் கதவைத் திறந்து மூடுங்கள், அல்லது சென்சாரின் பட்டனை ஒருமுறை சும்மா தட்டுங்கள். நீண்ட நேரம் அழுத்தினால் ரீசெட் ஆகிவிடும்.

இரண்டு நாள் கழித்தும் வரவில்லையென்றால் அதன் 'தாயை'ப் பாருங்கள். பேட்டரிச் சாதனம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு ரூட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில சென்சார்கள் பிடித்ததை விடவே விடாது. அந்தத் தாய் பல்பைச் சுவரிலுள்ள சுவிட்சில் யாராவது அணைத்து வைத்திருந்தால், பிள்ளை அநாதை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மாத்தினதிலிருந்து எல்லாமே மெதுவா இருக்கு. பழைய பதிப்பே தேவலையோ?

பெரும்பாலும் பதிப்பு காரணமில்லை. இடம் காரணம். கணினியை மாற்றியபோது டாங்கிள் நீலநிற யுஎஸ்பி 3 துளைக்குள் போயிருக்கும். யுஎஸ்பி 3 தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணமாக வெளியிட்டது. பக்கத்தில் எஸ்எஸ்டி டிஸ்க்கும் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு மீட்டராவது நீளமுள்ள யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். இதைச் சொன்னால் "கேபிளா?" என்று முகம் சுளிப்பார்கள். போட்ட மறுநாள் நன்றி சொல்வார்கள்.

அதிலும் தீரவில்லையென்றால் சேனல். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை உண்டு. வைஃபை 1, 6, 11-இல் ஓடுகிறது என்றால் அவற்றின் இடைவெளியில் 15, 20, 25 விழும். 26 வெறிச்சோடிக் கிடக்கும், ஆனால் சில சாதனங்களுக்கு அதில் சத்தம் எட்டாது. சேனலை மாற்றினால் நிறையச் சாதனங்கள் தானே பின்தொடரும், சிலவற்றை மறுபடி பேர் செய்ய நேரும்.

எம்க்யூடிடி புரோக்கரையும் அப்டேட் பண்ணினேன். எதுவுமே கனெக்ட் ஆகலை.

புரோக்கர் என்பது எம்க்யூடிடி செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நிரல். உங்களுடையது மொஸ்கிட்டோ என்றால் அதன் 2.0-இல் வந்த மாற்றம்தான். 1.x-இல் எதுவும் எழுதாவிட்டாலும் 1883 என்ற நெட்வொர்க் துளை (போர்ட்) எல்லோருக்கும் திறந்திருந்தது. 2.0-இலிருந்து அமைப்புக் கோப்பில் எதுவும் இல்லையென்றால் அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். வெளியிலிருந்து வருபவற்றுக்கு எந்தத் துளை என்று எழுதி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். பெயர் தெரியாதவர்களையும் அனுமதிக்கும் வரி ஒன்று உண்டு. அதைச் சேர்க்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஐந்து நிமிஷம் சோதிக்கச் சேருங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

நீக்கின சாதனம் பேய் மாதிரி திரும்பத் திரும்ப வருது. பெயர் பின்னாடி 2 வேற ஒட்டிக்குது.

புரோக்கரில் 'ரிடெயின்' செய்யப்பட்ட செய்திகள் தங்கும். "இப்படி ஒரு சாதனம் இருக்கிறது" என்ற அறிவிப்பு அந்த வகை. சாதனம் போனாலும் அறிவிப்பு கிடக்கும், ஹோம் அசிஸ்டென்ட் எழும்போதெல்லாம் அதைப் படித்துப் பேயை எழுப்பும். எம்க்யூடிடி எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஒரு கருவியில் அந்தத் தலைப்பைக் கண்டுபிடித்து, அதே தலைப்பில் ரிடெயின் வைத்து வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பினால் அழிந்துவிடும்.

பெயருக்குப் பின்னால் 2 ஒட்டுவது, பழைய பெயர் இன்னும் காலியாகாததால். பழையதை முதலில் நீக்கி, பிறகு புதியதற்கு அதே பெயரை வையுங்கள். அப்போது ஆட்டோமேஷன் எதையும் தொட வேண்டாம்.

என் நெட்வொர்க் கீ 1, 3, 5, 7, 9, 11, 13, 15-ன்னு ஆரம்பிக்குது. இது எல்லாருக்கும் ஒண்ணேவா?

ஆமாம், தொடர்ந்து 0, 2, 4, 6, 8, 10, 12, 13 என்று போகும். பழைய ஜிக்பீ2எம்க்யூடிடியின் இயல்பான கீ அது. உலகத்துக்கே தெரியும். பக்கத்தில் நின்று கேட்பவர் உங்கள் விளக்கைப் படிக்கலாம், ஆட்டலாம். ஆனால் கீயை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி பேர் செய்தாக வேண்டும். வெறும் விளக்குகள் மட்டும் என்றால் அடுத்த பெரிய மாற்றம் வரை விட்டுவைப்பேன். பூட்டோ, கதவு அலாரமோ இருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுவேன். டாங்கிள் மாற்றும்போது எப்படியும் மறுபடி பேர் செய்யத் தீர்மானித்திருந்தால் அதுதான் சரியான சமயம்.

மேட்டர் வந்தாச்சே. ஜிக்பீயை அப்படியே அதுக்கு மாத்திட முடியாதா?

பல தயாரிப்பாளர்களின் சாதனங்களுக்கும் பொதுவான மொழி மேட்டர். அதன் 1.0 வெளிவந்தது 2022 அக்டோபரில். அதற்கு அடியில் ஓடும் த்ரெட் என்ற ரேடியோ நெட்வொர்க்கும் ஜிக்பீயும் ஒரே வகை ரேடியோவைப் பயன்படுத்துவதால் இந்த ஆசை வருகிறது. ஆனால் பல்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஜிக்பீ பேசுகிறது. உற்பத்தியாளர் புது ஃபர்ம்வேர் தந்தால் தவிர அது மொழி மாறாது. ஒரே டாங்கிளில் இரண்டையும் ஓட்டும் ஃபர்ம்வேரும் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். த்ரெட்டில் ஓடும் மேட்டர் சாதனம் வாங்கினால் அதற்கு இன்னொரு டாங்கிள் போடுங்கள். ஜிக்பீ பாட்டுக்கு ஜிக்பீ ஓடட்டும். ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு இரண்டும் வெறும் விளக்குதான்.

எதுவும் சரியாகலை, பழையதுக்கே திரும்பறேன். ஆறு மாசத்துக்கு முந்தின டாங்கிள் பேக்கப் இருக்கு, போடலாமா?

ஹோம் அசிஸ்டென்ட்டைப் பொறுத்தவரை முழு பேக்கப்பை மீட்டாலே போதும். ஆனால் நிரலை மட்டும் பழையதாக்கி டேட்டாபேஸைப் புதிதாகவே விடாதீர்கள், பழைய நிரலுக்குப் புதிய அமைப்பு படிக்கத் தெரியாது. நிரல் மட்டும்தான் தகராறு என்றால் டாங்கிளைத் தொடவே வேண்டாம். அதிலிருப்பது இன்றைய நிலைமை, அதுவே சரி.

ஆறு மாதப் பழைய பேக்கப்பை டாங்கிளில் ஏற்றுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன கவுண்டர் நினைவிருக்கிறதா? டாங்கிள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் ஏறும். பழைய செய்தியை யாரோ பதிவு செய்து மறுபடி ஒலிபரப்புவதைத் தடுக்க, கடைசியாகக் கேட்ட எண்ணைவிடச் சிறியது வந்தால் சாதனம் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பழைய பேக்கப்பில் பழைய எண். ஏற்றியதும் டாங்கிள் பேசுகிறது, பட்டியலில் எல்லாம் இருக்கிறது, ஒரு விளக்கும் அசையாது. நிரல்கள் மீட்கும்போது எண்ணைக் கொஞ்சம் கூட்டியே வைக்கும், ஆனால் ஆறு மாதப் போக்குவரத்துக்கு அது எட்டாமல் போகலாம். அப்படி நடந்தால் ஒரு விளக்கை மட்டும் மறுபடி பேர் செய்து பாருங்கள். அது உடனே கேட்க ஆரம்பித்தால் கவுண்டர்தான் காரணம், மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பேர் செய்ய வேண்டியதுதான். பெயர்கள் கான்ஃபிகரேஷன் கோப்பில் முகவரியோடு இருப்பதால் அவையாவது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.